தோல்வி ஒன்று, காயம் இரண்டு: கோத்தகிரிப் பக்கம் ஒரு இளம் குத்துச்சண்டை வீரனின் 15 மாதம்

நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாலையில் எங்கள் ஊர் பாக்ஸிங் கூடத்தில் மாஸ்டருக்கு உதவியாக நிற்கிறேன். இங்கே எழுதியிருப்பது அந்தக் கூடத்தில் நடந்தது. பையனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர்கள் மட்டும் இல்லை. மலையில் இதேபோல் நாலைந்து கூடங்கள் இருக்கின்றன, அங்கே நிற்கிறவர்கள் படித்தால் போதும்.

பின்னணி

லயன் வீட்டுப் பையன், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பாவுக்கு தேயிலை ஃபேக்டரியில் பெரும்பாலும் இரவு ஷிப்ட். பதிமூன்று வயதில் கூடத்துக்கு வந்தான். கூடம் என்றால் தகரம் போட்ட பழைய கொட்டகை, குத்திப் பழக நாலு பேக், தரையில் பழைய ஜமுக்காளம் விரித்து அதன் மேல் ரப்பர் பாய், ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டி அதுதான் ரிங். கயிறு கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

வெலிங்டனில் ராணுவ மையம் இருக்கிற மலை இது. எங்கள் பையன்களுக்கு பாக்ஸிங் என்றாலே அந்தச் சீருடையும் சேர்த்துத்தான் கண்ணில் தெரியும். இவனுக்கும் அப்படித்தான். மூன்று வருடத்தில் 11 சண்டை, பதினொன்றிலும் வெற்றி. ஊரில் பேனர் கூட வைத்தார்கள். ஆனால் அந்த 11-ஐப் பிரித்துப் பார்த்தால், மாவட்ட அளவில் அவன் எடைக்கு வருகிற அதே நாலைந்து பையன்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் இவனைப் பின்னால் தள்ளியதில்லை, யாரும் இவனுக்குத் தலை கிறுகிறுக்கிற மாதிரி ஒரு அடி கொடுத்ததில்லை. எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. அது எச்சரிக்கை என்று அன்றைக்குப் படவில்லை.

போட்டிக்கு முந்தைய பத்து நாள்

அந்த வருடம் அவன் ஜூனியரிலிருந்து யூத் பிரிவுக்கு மாறினான். ஜூனியரில் மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் 2 நிமிடம். யூத்தில் அதே மூன்று ரவுண்டு, ஆனால் 3 நிமிடம். அதாவது 6 நிமிடச் சண்டை 9 நிமிடச் சண்டையாகிறது. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம், மூன்றாவது ரவுண்டின் கடைசி நிமிடத்தில் கை தூக்க முடியாமல் நிற்பவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

ஆகஸ்டில் சமவெளி நகரம் ஒன்றில் மாநில அளவிலான போட்டி. அவன் உடம்பு எடை 61 கிலோ. 57 கிலோவில் இறக்க முடிவு செய்தோம். மாஸ்டர் சொன்ன காரணம், 60-ல் வலுவான பையன்கள் அதிகம், 57-ல் இவன் உயரம் கைகொடுக்கும் என்பது. நானும் தலையாட்டினேன். ஒன்பது நாளில் நாலு கிலோ. ஆகஸ்டில் இங்கே மழையும் மூடுபனியுமாக இருக்கும், வியர்வை லேசில் வராது, அதனால் இரண்டு ஸ்வெட்டர் போட்டு அதற்கு மேல் ரெயின்கோட் மாட்டி காலை ஐந்து மணிக்கு ஏற்றத்தில் ஓடினான். குளிரில் தாகமும் தெரியாது. கடைசி இரண்டு நாள் வாயை நனைத்துக்கொண்டதோடு சரி.

போட்டிக்கு முந்தின ராத்திரிதான் கீழே இறங்கினோம். வாழ்நாள் முழுக்கக் குளிரில் இருந்த உடம்பு, நாலு கிலோ வற்றிய உடம்பு, ஒரே ராத்திரியில் அந்தப் புழுக்கத்துக்குப் போனது. காலையில் எடை பார்த்தார்கள், 56.8. கைதட்டினோம்.

போட்டி நாள்

முதல் ரவுண்டு அவனுடையது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஜாப், அதாவது முன் கையால் நேராகப் போடும் குத்து, போட்டுப் போட்டு எதிராளியைத் தள்ளியே நிறுத்தினான்.

இரண்டாவது ரவுண்டில் ஒரு நிமிடம் போனதும் கால் கனத்துவிட்டது. பின்னால் நகர்ந்தவன் முதுகு கயிற்றில் பட்டது. அந்த நொடி அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, பின்னால் யார் என்பது போல லேசாகத் திரும்பினான். கயிறே இல்லாத கூடத்தில் பழகியவன் அவன். திரும்பிய அதே நேரத்தில் எதிராளியின் ரைட், அதாவது வலது கைக் குத்து, இவன் தாடையில் விழுந்தது. ரெஃப்ரி எட்டு வரை எண்ணினார். கையைத் தூக்கிக் காட்டினான், தொடர்ந்தது. ரவுண்டு முடிய இருபது வினாடி இருக்கும்போது இன்னொரு ரைட், இன்னொரு கவுண்ட். ஒரே ரவுண்டில் மூன்று கவுண்ட் ஆனால் சண்டை அங்கேயே நிற்கும். இவனுக்கு இரண்டு.

அந்த ஒரு நிமிட இடைவேளையில் என்ன நடந்தது என்று முழுசாக எழுதிவிடுகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்தான். மாஸ்டர் தண்ணீர் ஊற்றினார், நான் காலைப் பிடித்துவிட்டேன். "கையை மேலே வை, கையை மேலே வை" என்று மாஸ்டர் சொல்ல, "சரி மாஸ்டர்" என்றான். "மூச்சு வாங்கு." "சரி மாஸ்டர்." அப்புறம் என்னைப் பார்த்து, "சார், இது முதல் ரவுண்டா?" என்று கேட்டான். நான் "மூணாவதுடா தம்பி, கடைசி ரவுண்டு" என்றேன். பதில் சொன்னேனே தவிர, அவன் ஏன் கேட்டான் என்று யோசிக்கவில்லை. தோளில் துண்டு கிடந்தது. அதைத் தூக்கி உள்ளே எறிந்திருந்தால் முடிந்திருக்கும். இன்னும் ஒரே ரவுண்டுதானே, முதல் ரவுண்டு நம்முடையதாயிற்றே, பேனர் வைத்த ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று மனசு கணக்குப் போட்டது. அனுப்பினோம்.

நாற்பது வினாடியில் ரெஃப்ரி நிறுத்தினார். அவன் கீழே விழவில்லை, நின்றபடியே அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

போட்டி மருத்துவர் பரிசோதித்து, குறைந்தது 30 நாள் சண்டையும் கூடாது, ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) கூடாது என்று அவன் பதிவேட்டில் எழுதினார். ஒரு சிடி ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தோம், நார்மல் என்று வந்தது. அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "ஒண்ணும் இல்லண்ணே, ஸ்கேன் நல்லா இருக்கு" என்று சொன்னது நான்தான்.

மலை ஏறிய பேருந்து

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினோம். கோத்தகிரி ரோட்டில் வளைவு தொடங்கியதுமே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தான். மேலே வருவதற்குள் மூன்று தடவை. பக்கத்து சீட்டு அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தார், கொண்டை ஊசி வளைவு யாருக்கும் அப்படித்தான் பண்ணும் என்றார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் இவன் கைக்குழந்தையிலிருந்து இந்த ரோட்டில் ஏறி இறங்குகிறவன். எத்தனை போட்டிக்கு எங்களோடு வந்திருக்கிறான், ஒரு நாள் வாந்தி எடுத்ததில்லை. தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தால் அது ரோட்டின் குற்றம் இல்லை என்று எனக்கு எங்கேயோ தெரியும், பள்ளியில் முதலுதவி வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தேவைப்பட்ட அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

முதல் முப்பது நாள்

இந்தக் காலத்தில் அவனைப் பார்த்த ஒவ்வொருவரும் ஒன்றைப் பார்த்தோம், ஒரே பெயர் வைத்தோம்: பயந்துட்டான்.

பள்ளியில் கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க முடியவில்லை. தங்கை ரேடியோ வைத்தால் எரிந்து விழுந்தான். இரவு பத்து மணிக்குப் படுத்தால் காலை ஒன்பதுக்கும் எழ மாட்டான், சில நாள் விடிய விடியத் தூக்கமே இல்லை. கூடத்துப் பக்கம் வரவே இல்லை. இதற்கிடையில் யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. சண்டை முழுக்க இல்லை, கடைசி நாற்பது வினாடி மட்டும். அவன் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று தங்கை சொன்னாள். தோல்வி மனசை உடைத்துவிட்டது, அவ்வளவுதான், ஆம்பளப் பையன் தானாகச் சரியாவான் என்று அப்பாவும் மாஸ்டரும் நானும் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு கட்டினோம்.

அம்மா மட்டும் வேறு சொன்னார். ஒரு நாள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேரே பள்ளி வாசலுக்கு வந்து நின்றார். "சார், அவன் தோத்ததுக்கு அழலை சார். வெளிச்சம் பட்டாத்தான் கண்ணுல தண்ணி வருது. ஜன்னல்ல என் புடவையைக் கட்டி மறைச்சிருக்கான். காலையில கேட்டதையே மத்தியானமும் கேக்குறான்." நான் அவரைச் சமாதானம் செய்து அனுப்பினேன். இந்த 15 மாதத்தில் நான் செய்ததில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

32-ஆம் நாள்

30 நாள் முடிந்தது. அக்டோபரில் ஒரு தேர்வுப் போட்டி இருந்தது. மாஸ்டர் அவனை வரச்சொல்லி, "பயம் தெளியணும்னா அடி வாங்கின இடத்துக்கே திரும்பப் போகணும்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவரும் அப்படி வளர்க்கப்பட்டவர். உதாரணத்துக்கு பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் அமீர் கானைச் சொன்னார். 2008 செப்டம்பரில் அவர் 54-ஆவது வினாடியில் வீழ்த்தப்பட்டார், வயது 21, மறு வருடம் ஜூலையில் உலகப் பட்டம். உண்மைதான். ஆனால் அன்றிரவு நான் தேடிப் படித்தது இன்னொருவரைப் பற்றி. அமெரிக்க வீரர் மெல்ட்ரிக் டெய்லர், 17 வயதில் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1990 மார்ச்சில் மெக்சிகோ வீரர் ஹூலியோ சீஸர் சாவேஸோடு 12-ஆவது ரவுண்டு, புள்ளியில் முன்னிலை, முடிய 2 வினாடி இருக்கும்போது ரெஃப்ரி நிறுத்தினார். அதன் பிறகு இன்னொரு பட்டம் கூட வென்றார், ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை, பிற்காலத்தில் பேச்சே குழறிப்போனது. கான் தோற்றது ஒரு நிமிடத்துக்குள். டெய்லர் 12 ரவுண்டும் வாங்கிக்கொண்டே இருந்தார். தோற்ற விதத்தைப் பார்க்காமல் தோல்வியை மட்டும் வைத்து உதாரணம் சொல்லக் கூடாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஆனால் அதற்குள் ஸ்பாரிங் நடந்து முடிந்திருந்தது.

நடந்தது இதுதான். ஹெட்கார்டு (தலைக்கவசம்) மாட்டி, எடை குறைந்த பையன் ஒருவனோடு நிறுத்தினார்கள். முதல் நிமிடத்தில் நெற்றியில் ஒரு ஜாப், நிஜமாகவே லேசானது. இவன் கையை இறக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் போய், சுவரைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தான். "லைட்டை அணைங்க சார்" என்றான். பயந்தவன் லைட்டை அணைக்கச் சொல்ல மாட்டான். புடவை கட்டிய ஜன்னல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாஸ்டருக்கும் எனக்கும் வாக்குவாதம் ஆனது, இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

மருத்துவர் சொன்னது

கோவையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அம்மாவும் நானும் கூட்டிப்போனோம். அவர் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். மூளை அதிர்ச்சி, இன்னும் ஆறவில்லை என்றார். அவர் சொன்னதில் எங்கள் மூவருக்கும் புதிதாக இருந்தவை சில.

சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. நார்மல் என்றால் உடனடி ஆபத்து இல்லை என்று அர்த்தம், அடிபடவில்லை என்று அர்த்தமில்லை. ஹெட்கார்டு கிழிசலையும் வெட்டுக்காயத்தையும் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 30 நாள் என்பது குறைந்தபட்சத் தடை, குணமான சான்றிதழ் இல்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அபூர்வமாகத்தான், ஆனால் இளம் வயதில் மூளை வீங்கி உயிரே போகலாம். இதைக் கேட்டதும் அம்மா என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. நாலு கிலோ குறைத்த கதையைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் வற்றிய உடம்பில் தலைக்கு விழும் அடி இன்னும் ஆபத்து என்றார்.

இருட்டறையில் மாதக்கணக்கில் படுக்கவும் வேண்டாம் என்றார், முதல் ஒன்றிரண்டு நாள்தான் அந்த ஓய்வு. இப்போது தினமும் நடக்க வேண்டும், தலைவலி கூடாத அளவுக்கு. முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் பாக்ஸிங். நடை, மெதுவான ஓட்டம், ஸ்கிப்பிங், பேக், ஆள் படாத பயிற்சி, கடைசியில்தான் ஸ்பாரிங். ஒவ்வொரு படிக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள், தலைவலி வந்தால் முந்தின படிக்குத் திரும்ப வேண்டும். கடைசிப் படிக்கு அவர் கையெழுத்து வேண்டும்.

மாஸ்டரிடம் இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எனக்கும் ஒரு தடவை இப்படி ரெண்டு மாசம் இருந்துச்சு, யாரும் சொல்லலையே" என்றார். மறுநாள் பையன் வீட்டுக்கு அவரே போனார்.

இரண்டாவது காயம்

நவம்பர் கடைசியில் தலைவலி நின்றது. ஜன்னலில் புடவையை அவிழ்த்தான். அரையாண்டுத் தேர்வு எழுதினான், மதிப்பெண் குறைவுதான், ஆனால் எழுதி முடித்தான். புல்லில் உறைபனி கிடக்கும் டிசம்பர் காலைகளில் தேயிலைக்காட்டுப் பாதையில் நடந்து, பிறகு ஓடினான். ஜனவரியில் மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

இங்கேதான் நிஜமான பயம் வெளியே வந்தது. எதிரே நிற்பவன் வலது தோளை அசைத்தாலே இவன் கண் மூடிக்கொள்ளும், தாடை மேலே எழும்பும், உடம்பு இடப்பக்கம் ஓடும். செப்டம்பரில் நாங்கள் பயம் என்று சொன்னது தலைக்குள் இருந்த காயம். ஜனவரியில் தெரிந்ததுதான் பயம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன, இரண்டிலும் பையன் பின்வாங்குகிறான். முதலாவது ஆறும்வரை இரண்டாவதைத் தொடவே முடியாது, தொட்டால் இரண்டும் கெடும். நாங்கள் தலைகீழாகத் தொடங்கியிருந்தோம்.

முதலில் வீடியோ. வாட்ஸ்அப் துண்டை அழிக்கச் சொல்லிவிட்டு, முழுச் சண்டையையும் தேடி வாங்கி, சத்தத்தை அணைத்து அவனோடு உட்கார்ந்து பார்த்தோம். அவன் முதல் ரவுண்டைப் பார்த்ததே இல்லை, தான் அதில் ஜெயித்ததே அவனுக்கு ஞாபகமில்லை. அப்புறம் அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான். ஜாப் போட்டுவிட்டு இடது கையைத் தாடைக்குக் கொண்டுவராமல் மார்பு உயரத்திலேயே விடுகிறான். ஜெயிக்கும் ரவுண்டிலும் அப்படித்தான். பழைய சண்டைகளின் ஃபோன் வீடியோக்களை எடுத்துப் பார்த்தால், அவற்றிலும் அதே. 11 வெற்றியிலும் அந்த ஓட்டை இருந்திருக்கிறது, அதில் கைவைக்கிற ஆள் வரவில்லை, அவ்வளவுதான். "அப்போ அவன் பெரிய ஆளா இருந்ததால இல்ல, என் கை கீழ இருந்ததாலதான் சார்" என்றான். அவன் குரலில் தெம்பு வந்தது அன்றைக்குத்தான். கையை மேலே வைக்கப் பழகலாம் இல்லையா.

பயிற்சியை மெதுவாக வைத்தோம். கூடத்தில் ஒரு பெண் பயிற்சி எடுக்கிறாள், 54 கிலோ, கை சுத்தம். அவள் எண்ணிக்கொண்டே நெற்றியில் க்ளவுஸால் தொடுவாள், அடிக்க மாட்டாள், இவன் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். முதல் நாள் இருபதில் பதினாறு தடவை மூடினான். மூன்றாவது வாரம் இரண்டு. அப்புறம் வயிற்றில் மட்டும் அடிக்கிற ஸ்பாரிங், மூன்று வாரம். கொட்டகைக்கு வெளியே நாலு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே லாரி கயிறு கட்டினோம். முதுகு கயிற்றில் பட்டதும் பக்கவாட்டில் சுழன்று வெளியே வருவதை மட்டும் தினமும் அரைமணி நேரம். சின்னப் பையன்கள் எல்லோரும் அதில் தொங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பிய பிறகு

ஏப்ரலில், அந்தச் சண்டைக்கு எட்டு மாதம் கழித்து, பக்கத்து மாவட்டத்தில் ஒரு சின்னப் போட்டி. 63.5 கிலோ பிரிவு, எடை எதுவும் குறைக்கவில்லை, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எடை பார்த்தான். மூன்று ரவுண்டும் நின்றான். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் எதிராளிக்குக் கொடுத்தார்கள், தோற்றான். கவுண்ட் ஒன்றுகூட இல்லை. கீழே இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "இப்போ எத்தனையாவது ரவுண்டு முடிஞ்சுச்சு?" சிரித்துவிட்டு, "மூணும் முடிஞ்சுச்சு சார், பசிக்குது" என்றான்.

இதை எழுதும் இந்த நவம்பர் வரை நாலு சண்டை, இரண்டு வெற்றி, இரண்டு புள்ளித் தோல்வி. இழந்ததையும் சொல்ல வேண்டும். அக்டோபர் தேர்வுப் போட்டி போயிற்று, அதோடு அந்த வருடமே போயிற்று. ப்ளஸ் ஒன்னில் பின்தங்கியதை ப்ளஸ் டூவில் இழுத்துப் பிடிக்கிறான். முன்பு போல முதல் மணி அடித்ததுமே பாய்ந்து போகிற சண்டை இப்போது இல்லை, பார்த்துப் பார்த்து ஆடுகிறான். அது நல்லதா குறையா என்று மாஸ்டரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் தம்பிக்கு பத்து வயது, கூடத்துக்கு வர ஆசை. அம்மா அனுப்பவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கூடத்தில் மாற்றியது

எடை குறைப்பு இரண்டு கிலோவுக்கு மேல் கிடையாது, ரெயின்கோட் ஓட்டம் கிடையாது. சமவெளியில் போட்டி என்றால் இரண்டு நாள் முன்பே இறங்குகிறோம், அந்தச் செலவுக்குத்தான் பேனர் காசு இப்போது போகிறது. மாவட்டத்தில் ஐந்து சண்டை ஜெயித்தவனை வெளியே கூட்டிப்போய்த் தெரியாத ஆளோடு ஸ்பாரிங் வைக்கிறோம், ஓட்டை எங்கே என்று பதக்கம் இல்லாத இடத்தில் தெரியட்டும். கார்னரில் துண்டு என் கையில் இருக்கும், எறிவதற்கு மாஸ்டரிடம் கேட்க வேண்டியதில்லை, இதை அவரே சொன்னார். இடைவேளையில் ரவுண்டு எண்ணைக் கேட்பேன், பதில் தப்பினால் சண்டை முடிந்தது.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. தலையில் அடி வாங்கின பையன் பெயருக்கு நேரே தலைவலி, தூக்கம், வெளிச்சம், வாந்தி, பள்ளிக்கூடம் என்று கட்டம் போட்டிருக்கிறோம். பையன் சொல்வதை ஒரு வரியில் எழுதுகிறோம், வீட்டில் அம்மாவோ பாட்டியோ சொல்வதை அடுத்த வரியில். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் வீட்டில் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். அந்த நோட்டில் முதல் கையெழுத்து இவன் அம்மாவுடையது.